காட்ஸில்லா, ராட்சச எறும்பு, வேற்றுக்கிரகவாசி நம்பியார்: அணுகுண்டு காலத்து பூதப் படங்கள் சொன்னது என்ன? அருப்புக்கோட்டைக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

1977 சட்டமன்றத் தேர்தலில் அருப்புக்கோட்டை தொகுதியில் ஜெயித்து, அந்த ஆண்டு ஜூன் 30-ம் தேதி தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்றார் எம்.ஜி.ஆர். அதுக்கு 14 வருஷம் முன்னாடியே அவர் வேறொரு கிரகத்துக்குப் போய், கடத்தப்பட்ட காதலியைத் தேடியவர். நிஜத்தில் இல்லை, 'கலை அரசி' படத்தில்.

கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் படம் வந்த காலத்தில் உலகம் முழுக்க திரையரங்குகளில் இதே கதைதான். பறக்கும் தட்டு, கடலில் இருந்து எழுந்து வரும் பூதம், லாரி அளவுக்கு வளர்ந்த பூச்சி. 1950-களில் தொடங்கி 1960-களின் நடுப்பகுதி வரை வந்த இந்தப் படங்களை 'அணுயுகப் படங்கள்' என்று தனி வகையாகவே சொல்கிறார்கள்.

இந்தப் படங்கள் ஏன் அப்போது வந்தன? அதில் காட்டியது நிஜத்தில் நடக்குமா? தமிழ்நாட்டில் இந்த அலை எப்படி அடித்தது? வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆளுக்கு இதில் என்ன இருக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

அணுயுகம் எங்கே ஆரம்பித்தது?

ஒரு வறண்ட பொட்டலில்தான்.

1945 ஜூலை 16 அதிகாலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்டது. சோதனைக்கு வைத்த பெயர் 'டிரினிட்டி'. "ஆள் அரவமே இல்லாத இடம்" என்று சொல்லித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சுற்று வட்டாரத்தில் பண்ணை வீடுகள் இருந்தன, சின்னச் சின்ன ஊர்கள் இருந்தன. கூரையில் விழுந்த மழைத்தண்ணியைப் பிடித்துக் குடித்த குடும்பங்கள் இருந்தன. யாரிடமும் முன்கூட்டியே எதுவும் சொல்லப்படவில்லை. வெளிச்சத்தையும் சத்தத்தையும் பார்த்து பதறியவர்களுக்கு, வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்று ராணுவத் தரப்பில் கதை சொல்லப்பட்டது.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமா, 9-ம் தேதி நாகசாகி. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு நகரங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறந்துபோனார்கள்.

போர் முடிந்தது, குண்டு முடியவில்லை. அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் என்று ஒவ்வொரு நாடாக வானத்திலும் கடலிலும் வெடித்துப் பார்க்க ஆரம்பித்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 'குண்டு விழுந்தா மேஜைக்கு அடியில் ஒளிஞ்சுக்கோ' என்று அமெரிக்காவில் பயிற்சி கொடுத்த காலம் அது. பயம் வெளியே வர ஒரு வழி வேணும். சினிமா அந்த வழியைத் திறந்துவிட்டது.

'தெம்!': பொட்டலில் இருந்து வந்த எறும்பு

1954-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட படம் 'தெம்!'. தமிழில் 'அதுங்க!' என்று சொல்லலாம். இயக்குநர் கார்டன் டக்ளஸ்.

நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை பொம்மையைக் கையில் பிடித்தபடி தனியாக நடந்து போகிறது. பேச்சு இல்லை, அழுகை இல்லை. பக்கத்தில் ஒரு வண்டி வீடு கிழிந்து கிடக்கிறது. பணம் திருடு போகவில்லை. சர்க்கரை மட்டும் சிதறிக் கிடக்கிறது. போலீஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எறும்பின் அமில வாசனையைக் குழந்தையின் மூக்கருகே காட்டியதும்தான் அது வாயைத் திறக்கிறது: "அதுங்க! அதுங்க!"

1945 சோதனையின் கதிர்வீச்சால் எறும்புகள் ராட்சச அளவுக்கு வளர்ந்துவிட்டன என்பது கதை. புற்றை அழித்த பிறகும் ராணி எறும்புகள் பறந்து போய், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மழைநீர்க் கால்வாய்களுக்குள் குடியேறிவிடுகின்றன. கடைசியில் நெருப்பை வைத்துக் கொல்கிறார்கள். ஆனால் படம் நிம்மதியாக முடிவதில்லை. ஒரு குண்டுக்கே இப்படி என்றால், அதுக்கப்புறம் வெடித்த மற்ற குண்டுகளுக்கு என்ன வரப்போகிறது என்ற கேள்வியோடு முடிகிறது.

இதே பாதையில் வரிசையாகப் படங்கள் வந்தன. 1953-ல் வந்த 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்' படத்தில், ஆர்க்டிக் பனியில் உறைந்து கிடந்த டைனோசரை அணுகுண்டு எழுப்பிவிடுகிறது. 1955-ல் 'டரான்டுலா', ராட்சச சிலந்தி. 1957-ல் 'தி இன்க்ரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்', இது தலைகீழ்: கதிரியக்க மேகம் ஒன்று மேலே பட்ட மனிதன் நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் வீட்டுச் சிலந்தியோடு சண்டை போடும் அளவுக்குச் சின்னதாகிவிடுகிறான்.

காட்ஸில்லா: மீனவர்கள் மேல் விழுந்த சாம்பல்

அமெரிக்கப் படங்கள் குண்டு போட்ட நாட்டின் பயம். ஜப்பானியப் படம் குண்டு வாங்கிய நாட்டின் வலி. இந்த வித்தியாசம் திரையில் நல்லாவே தெரியும்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவுப் பகுதியில் 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை அமெரிக்கா வெடித்தது. விஞ்ஞானிகள் கணக்குப் போட்டது ஏறத்தாழ 6 மெகா டன். வெடித்தது 15 மெகா டன். அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'லக்கி டிராகன் எண் 5' என்ற ஜப்பானியப் படகின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்தவர்கள் 23 பேர். எல்லோருக்கும் கதிர்வீச்சு நோய். ரேடியோ ஆபரேட்டர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பரில் உயிரிழந்தார். ஜப்பான் மீன் சந்தைகளில் டன் கணக்கில் மீன்கள் புதைக்கப்பட்டன.

அதே ஆண்டு நவம்பர் 3-ம் தேதி வெளியானது 'கோஜிரா'. உலகம் அதை 'காட்ஸில்லா' என்று கூப்பிட்டது. ஜப்பானிய மொழியில் கொரில்லாவுக்கான 'கொரிரா', திமிங்கலத்துக்கான 'குஜிரா' இரண்டையும் ஒட்டவைத்த பெயர். படத்தின் முதல் காட்சியே, அமைதியான கடலில் போகும் ஒரு படகின் மேல் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் அடிப்பதுதான். அன்றைக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ஜப்பான்காரருக்கு அது எந்தப் படகு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். அவர் எடுத்த படத்தில் பூதம் கட்டடங்களை உடைப்பதை விட, உடைத்த பிறகு வரும் காட்சிகள் கனமானவை. ஆஸ்பத்திரி முழுக்கக் காயம்பட்டவர்கள். குழந்தையின் உடம்பில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். பார்த்தவர் தலையை ஆட்டுகிறார்.

முக்கியமான விஷயம், காட்ஸில்லா வில்லன் இல்லை. கடலடியில் தன் பாட்டுக்கு இருந்த உயிரை ஹைட்ரஜன் குண்டுதான் எழுப்பிவிட்டது. அதுவும் குண்டால் பாதிக்கப்பட்டதுதான். கடைசியில் செரிசாவா என்ற விஞ்ஞானி, தான் கண்டுபிடித்த ஆயுதத்தால் அதைக் கொல்கிறார். ஆனால் அந்த ஆயுதம் இன்னொரு அணுகுண்டாக மாறிவிடக் கூடாது என்று குறிப்புகளையெல்லாம் எரித்துவிட்டு, கடலுக்கு அடியிலேயே தன் உயிரையும் விட்டுவிடுகிறார். பூதத்தைக் கொல்ல வழி கிடைத்தால் போதாது, அந்த வழி அடுத்த பூதமாகிவிடக் கூடாது என்பதுதான் கதையின் சாரம்.

1956-ல் இந்தப் படம் அமெரிக்காவுக்குப் போனபோது, ரேமண்ட் பர் என்ற நடிகரைப் பத்திரிகையாளராக நடிக்கவைத்து புதுக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. குண்டு பற்றிய பேச்சு பெரும்பாலும் வெட்டப்பட்டது. பல நாடுகளில் ரொம்ப காலம் ஓடியது இந்தப் பதிப்புதான். 'காட்ஸில்லான்னா பொம்மை டிராகன் ஊரை உடைக்கிற படம்' என்ற பெயர் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி எடுத்தார்கள்?

மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, ஆளுக்கு உடை மாட்டுவது. காட்ஸில்லாவுக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. உள்ளே காற்று கிடையாது, மேலே ஸ்டூடியோ விளக்குகளின் சூடு. கொஞ்ச நேரம் நடித்துவிட்டுக் கழற்றினால் வியர்வையைக் கொட்ட வேண்டியிருக்கும். எய்ஜி சுபுராயா என்ற தந்திரக் காட்சி நிபுணர், டோக்கியோவைச் சின்ன அளவில் செட் போட்டு, கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்தார். அதை வழக்கமான வேகத்தில் திரையிடும்போது அசைவுகள் மெதுவாகி, உருவத்துக்கு மலை போன்ற கனம் வந்துவிடும். அந்த உறுமல் எந்த மிருகத்தின் குரலும் இல்லை. டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்திவிட்டு, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து உருவாக்கியது.

இரண்டாவது, பொம்மையை ஒவ்வொரு பிரேமுக்கும் துளித்துளியாக நகர்த்திப் படம் பிடிப்பது. ரே ஹாரிஹவுசன் இதில் மன்னன். ஒரு விநாடி காட்சிக்கு 24 பிரேம்.

மூன்றாவது, நிஜ அளவிலேயே செய்துவிடுவது. 'தெம்!' படத்தின் எறும்புகள் இயந்திரம் வைத்து ஆட்டப்பட்ட முழு அளவு பொம்மைகள்.

எறும்பு நிஜத்தில் அவ்வளவு பெருசா வளருமா?

வளராது. இதற்கான விளக்கத்தை எளிமையாக எழுதிவைத்தவர், பின்னாளில் இந்தியக் குடிமகன் ஆன ஒருவர். பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1926-லேயே உயிரினங்களின் அளவு பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. 1957-ல் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தவர், 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.

கணக்கு இதுதான். 5 மில்லி மீட்டர் எறும்பை 3 மீட்டராக்கினால் நீளம் 600 மடங்கு. காலின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 600 × 600, அதாவது 3,60,000 மடங்கு கூடும். ஆனால் எடை 600 × 600 × 600, அதாவது 21 கோடியே 60 லட்சம் மடங்கு கூடிவிடும். ஒவ்வொரு காலும் பழைய மாதிரி 600 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். எழுந்து நிற்பதற்குள் கால் ஒடிந்துவிடும். மூச்சும் திணறும். எறும்புக்கு நுரையீரல் கிடையாது. உடம்பில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் காற்று போகிறது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் அது எட்டாது. யானையின் கால் உரல் மாதிரியும் எறும்பின் கால் நூல் மாதிரியும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அப்போ கதிர்வீச்சு என்னதான் செய்யும்? கதிர்வீச்சு மரபணுவை மாற்றும் என்று 1927-ல் பழ ஈக்களை எக்ஸ்-ரேயில் வைத்து நிரூபித்தவர் ஹெர்மன் முல்லர். அதற்காக 1946-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அந்த மாற்றம் ஒரே ராத்திரியில் ஆளை ராட்சசனாக்காது. செல்களைக் கெடுக்கும், சாகடிக்கும். பல வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோயாக, தைராய்டு புற்றுநோயாக வெளியே வரும். சத்தமில்லாமல் நடக்கும்.

சினிமாவின் மிகைக்கு ஒரு கெட்ட பின்விளைவும் உண்டு. கதிர்வீச்சு என்றாலே கோரம் என்ற எண்ணம் பரவியதில் அடிபட்டது, குண்டில் பிழைத்தவர்கள்தான். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்கு ஜப்பானிலேயே பொண்ணு கொடுக்க, மாப்பிள்ளை எடுக்கத் தயங்கினார்கள். அவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்ததில், பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த அலை வந்த கதை: சேலத்தில் மயிர் போர்த்திய யானை

காட்ஸில்லாவுக்கு இரண்டு வருஷம் முன்னாடியே தமிழ்நாட்டில் ஒரு பூதப் படம் எடுக்கப்பட்டுவிட்டது. 1952-ல் வந்த 'காடு'. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும், அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸும் சேர்ந்து தயாரித்தது. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமெரோ, மேரி வின்ட்சர் என்று ஹாலிவுட் நடிகர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து நடித்தார்கள். கூடவே எம்.என். நம்பியார்.

லிப்பர்ட் நிறுவனம் அணுயுகப் படங்களில் ஊறிய நிறுவனம். 1950-ல் அவர்கள் வெளியிட்ட 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' படத்தில், செவ்வாய் கிரகம் அணுப் போரால் அழிந்து கிடக்கும். 1951-ல் வந்த 'லாஸ்ட் கான்டினென்ட்' படத்தில், காணாமல் போன அணுசக்தி ராக்கெட்டைத் தேடிப் போகிறவர்கள் யுரேனியம் நிறைந்த மலை மேல் டைனோசர்களைப் பார்ப்பார்கள். அதில் நடித்த சீசர் ரொமெரோதான் அடுத்து 'காடு' படத்தில் நடித்தார்.

'காடு' கதையில் யானைக் கூட்டங்கள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. எதைப் பார்த்து மிரண்டன என்று தேடிப் போனால், அழிந்துபோனதாக நினைத்த மாமூத் யானைகள்! செய்முறை எளிது. நிஜ யானைகளுக்கு நீள மயிர் போர்த்திவிட்டார்கள். பனிப் பிரதேசத்து மிருகம் நம்மூர் வெயிலில் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. இதில் அணுகுண்டு கிடையாது. ஆனால் பழைய காலத்து மிருகம் திரும்பி வருவது, எதற்கு என்று தெரியாமல் ஊர் அழிவது என்ற அந்தக் காலத்துப் பயம் அப்படியே இருக்கிறது.

கலை அரசி: அழிக்க வரவில்லை, பாட்டு கற்க வந்தார்கள்

11 வருஷம் கழித்து, 1963 ஏப்ரலில் வந்தது 'கலை அரசி'. இயக்கம் ஏ. காசிலிங்கம், இசை கே.வி. மகாதேவன். எம்.ஜி.ஆருக்கு ஜோடி பி. பானுமதி, அவருக்கு இரட்டை வேடம். 'காடு' படத்தில் நடித்த அதே நம்பியார் இதில் வேற்றுக்கிரகவாசி. இந்திய சினிமாவில் வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிய முதல் படமாக இதைச் சொல்கிறார்கள்.

கதை வித்தியாசமானது. அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் பூமியை விடப் பல படி மேலே. ஆனால் ஆடல், பாடல் கிடையாது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி பூமிக்கு வந்து, பாடகியான கதாநாயகியைப் பறக்கும் தட்டில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவரைத் தேடி எம்.ஜி.ஆரும் அங்கே போகிறார்.

அதே காலத்து ஹாலிவுட் படங்களில் வேற்றுக்கிரகவாசி பெரும்பாலும் பூமியை அழிக்க வருவான், அல்லது 1951-ல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' போல 'குண்டை விடாவிட்டால் அழித்துவிடுவோம்' என்று எச்சரிக்க வருவான். தமிழ்ப் படத்தில் வந்தவனுக்குத் தேவைப்பட்டது பாட்டு வாத்தியார். சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது. ராக்கெட் இருக்கிறவன் எல்லாம் இருக்கிறவன் இல்லை.

குண்டு இல்லாத நாட்டின் குரல்

அன்றைக்கு இந்தியாவின் நிலையும் ஏறத்தாழ அதுதான். கையில் குண்டு இல்லை, பேச வாய் இருந்தது. பிராவோ வெடித்து ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2-ம் தேதி மக்களவையில் பிரதமர் நேரு அணுசோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டார். 1962 செப்டம்பரில் ராஜாஜி, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், அதிபர் கென்னடியை நேரில் சந்தித்து சோதனைகளை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகம் அணுப் போரின் வாசல் வரை போய்த் திரும்பியது.

'கலை அரசி' வெளியாகி நான்கு மாதத்தில், 1963 ஆகஸ்ட் 5-ம் தேதி, வானத்திலும் தண்ணீருக்கு அடியிலும் அணுசோதனை செய்வதைத் தடை செய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதே மாதம் இந்தியாவும் கையெழுத்திட்டது. ஜப்பான் மீனவர்கள் மேல் கொட்டிய மாதிரியான சாம்பல் மழை அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. பூதப் படங்களின் வேகமும் மெல்லத் தணிந்தது.

பிற்பாடு இந்தியாவும் குண்டு வெடித்தது. 1974 மே 18, அப்புறம் 1998 மே 11, 13. இடம் ராஜஸ்தானின் பொக்ரான். அதுவும் வறண்ட பூமிதான். அங்கேயும் பக்கத்தில் கேதோலாய் என்ற கிராமம் இருந்தது. சோதனை நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கச் சொன்னார்கள் அந்த ஊர் ஜனங்களை.

திருச்சுழிக்காரருக்கு இந்தக் கதை புதுசா?

இல்லை. பெயர்கள்தான் புதுசு.

அருப்புக்கோட்டையில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற திருச்சுழி, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். குண்டாற்றங்கரை ஊர்தான், ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆற்றில் மணல்தான் ஓடும். அப்படிப்பட்ட ஊரின் பெயரே ஒரு வெள்ளத்தில் இருந்து வந்தது. உலகை அழிக்க வந்த பிரளய வெள்ளத்தை, சிவன் சூலத்தால் பூமியில் குத்தி, அந்தத் துளைக்குள் சுழித்து இறங்க வைத்தார். அதனால் 'சுழி' என்கிறது தலபுராணம். உலகம் முடியப் போகிறது, யாரோ தடுக்கிறார்கள் என்ற கதையை இந்த ஊர் பெயரிலேயே வைத்திருக்கிறது.

இன்னொன்று, கிராம தெய்வங்கள். தென் மாவட்டங்களில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் ஆவியாக அலைந்து, பயமுறுத்தி, கடைசியில் பீடம் போட்டு கும்பிடும் தெய்வமான கதைகள் நிறைய. பயம் அங்கே சும்மா வருவதில்லை. யாரோ செய்த தப்புக்கு ஊர் பதில் சொல்லுது என்பதுதான் அர்த்தம். 'கோஜிரா' படத்திலும் அச்சு அசலாக ஒரு காட்சி உண்டு. ஓடோ என்ற தீவில் ஒரு பெரியவர், முன்காலத்தில் மீன் கிடைக்காத போது கோஜிராவுக்குப் பெண் பிள்ளைகளைப் பலி கொடுத்தார்கள், இப்போது கூத்து மட்டும் மிச்சம் என்பார். டோக்கியோ விஞ்ஞானிக்கு அது மூடநம்பிக்கை. தீவுக்காரருக்கு, கடலைச் சீண்டினால் என்ன ஆகும் என்ற அனுபவம்.

மூன்றாவது உதாரணத்துக்கு சினிமாவே வேண்டாம். திருச்சுழி, கமுதி பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் சீமைக்கருவேலம் போதும். அமெரிக்கக் கண்டத்து மரம். வறண்ட பூமிக்கு விறகு கிடைக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் விதைக்கப்பட்டது. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பியது. வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து திரும்ப முளைத்தது. கண்மாய், வாய்க்கால், தரிசு என்று ஏறிக்கொண்டது. அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு போனது. ஆனால் அதே மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுத்தான் இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பத்தில் உலை கொதிக்கிறது. ஒரேயடியாக அழித்துவிடு என்று வெளியூரில் இருந்து சொல்வது சுலபம். கொண்டுவந்து விட்டவர் ஒருவர், அதோடு வாழ வேண்டியவர் வேறொருவர்.

அணுயுகப் படங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான். முடிவு எடுப்பது ஓர் இடம், விலை கொடுப்பது வேறு இடம்.

படம் முடிந்தது, கணக்கு முடிஞ்சுதா?

இன்னும் இல்லை. பிகினி தீவில் இருந்து 1946-ல் 167 பேரை 'கொஞ்ச நாளைக்கு' என்று சொல்லி வேறு தீவுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் அந்த ஜனங்கள் நிரந்தரமாகத் திரும்ப முடியவில்லை. பக்கத்து ரொங்கெலாப் தீவில், பிராவோ குண்டின் சாம்பலைப் பிள்ளைகள் தொட்டு விளையாடினார்கள். அவர்களை அங்கிருந்து கூட்டிப் போகவே இரண்டு நாள் ஆனது. பின்னாளில் பலருக்குத் தைராய்டு கட்டிகள்.

'தெம்!' படத்தில் எறும்பு வந்த அதே நியூ மெக்சிகோ மக்களின் கதை இன்னும் மோசம். அணுசோதனையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர அமெரிக்கா 1990-ல் சட்டம் போட்டபோது, முதல் குண்டு வெடித்த ஊர்க்காரர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2025-ல்தான் சேர்த்தார்கள். சரியாக 80 வருஷம். அன்றைக்குக் கூரைத் தண்ணி குடித்தவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. கற்பனை எறும்புக்கு 9 ஆண்டில் படம் வந்துவிட்டது. நிஜ மனிதர்களுக்கு ஒரு கையெழுத்து வர 80 ஆண்டு ஆனது.

எதில் இருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

முதலில் 1954 'கோஜிரா'. அமெரிக்கப் பதிப்பு வேண்டாம், ஜப்பானிய மூலப் படம்தான் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அடுத்து 'தெம்!', முதல் அரை மணி நேரம் எறும்பையே காட்டாமல் பயமுறுத்துவதைக் கவனிக்கலாம். மூன்றாவது 'கலை அரசி', குடும்பத்தோடு பார்க்கலாம். கடைசியாக, 2023-ல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. 2024-ல் சிறந்த காட்சி நுட்பத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 70 வருஷம் கழித்தும், போரில் அடிபட்ட சாதாரண ஜனங்களின் பக்கத்தில் நின்று எடுத்ததால்தான் அது பேசப்பட்டது.

பார்க்கும்போது பூதம் எவ்வளவு பெருசு என்று பார்ப்பதோடு, அது எந்த இடத்தில் இருந்து கிளம்புகிறது என்றும் கவனித்தால் ஒன்று புரியும். பொட்டல், பனி, தீவு, கடல். 'அங்கே யாரு இருக்கா' என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தாண்டிப் போன இடங்கள்தான் எல்லாமே. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே கரிசல் காட்டில் நின்று பார்க்கிறவருக்கு, அங்கே யாரு இருக்கா என்ற கேள்விக்குப் பதில் தெரியும்.